பிரிட்டனுக்குப் போன செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு: கட்டிய பணத்திலேயே மனநல சிகிச்சை பெறுவது எப்படி?

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ உட்கார்ந்து பிரிட்டன் விசாவுக்கு விண்ணப்பம் போடும்போது, விசா கட்டணத்தைவிடப் பெரிய தொகை ஒன்று தனியாகக் கேட்கப்படும். அதுதான் குடியேற்ற சுகாதாரக் கட்டணம். 2024 பிப்ரவரியிலிருந்து மாணவர்களுக்கு வருடத்துக்கு 776 பவுண்டு, வேலை விசாவில் போகும் பெரியவர்களுக்கு 1,035 பவுண்டு. ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு விசா பெரும்பாலும் ஒன்றரை வருடத்தை ஒட்டி வரும். முதல் வருடத்துக்கு முழுத்தொகை, மிச்ச மாதங்கள் ஆறுக்குள் இருந்தால் பாதி என்று கணக்குப் போட்டு 1,164 பவுண்டு வாங்கிவிடுவார்கள். கல்விக் கடன் எடுத்தோ நகையை வைத்தோ கட்டிய பணம் அது. கட்டிய பிறகு, ஏதோ விசா வரி என்று நினைத்து அப்படியே மறந்துவிடுகிறார்கள்.

அது என்ஹெச்எஸ் என்ற அரசு மருத்துவத் துறைக்கு முன்கூட்டியே கட்டிய பணம். குடும்ப மருத்துவர், மனநல ஆலோசனை, மனநல மருத்துவர், தேவைப்பட்டால் மருத்துவமனையில் சேர்ப்பது எல்லாம் அதில் அடக்கம். மனசு சரியில்லாமல் மாதக்கணக்கில் தவிக்கிற பிள்ளை, "இங்க டாக்டர் செலவு நமக்குக் கட்டுபடியாகாது" என்று சொல்லிச் சும்மா இருப்பதுதான் இதில் பெரிய கொடுமை. தனியாரிடம் ஒரு மணி நேர ஆலோசனைக்கு 50, 60 பவுண்டு, அதற்கு மேலும் ஆகும் என்பது நிஜம். ஆனால் அந்தக் கதவைத் தட்ட வேண்டிய அவசியமே இல்லை.

யாருக்கு இது பொருந்தும்? மாணவர் விசா, படிப்பு முடிந்த பிறகு எடுக்கும் கிராஜுவேட் விசா, வேலை விசா, இவர்களைச் சார்ந்து போகும் கணவன், மனைவி, பிள்ளைகள். நர்ஸ், பராமரிப்பு வேலைக்குரிய விசாவில் போனவர்கள் இந்தக் கட்டணத்தைக் கட்டுவதில்லை, ஆனாலும் உரிமை அதேதான். பேறுகாலத்துக்கு உதவியாக விசிட் விசாவில் போகும் ஆத்தாவுக்குப் பொருந்தாது. குடும்ப மருத்துவரைப் பார்ப்பது இங்கிலாந்தில் யாருக்கும் இலவசம் என்றாலும், மருத்துவமனையில் சேர்த்தால் அவருக்கு முழுக்கட்டணம் விழும். பயணக் காப்பீடு எடுக்கும்போது மனநலச் சிகிச்சையும் அதில் உண்டா என்று பாலிசியைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால்

மற்றதெல்லாம் பிறகு. தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் பலமாக இருந்தால், அல்லது ஏற்கெனவே மாத்திரை எதையாவது அளவுக்கு மீறி விழுங்கியிருந்தால், 999. அல்லது பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேரே போகலாம். அங்கே ஏ அண்ட் ஈ என்பார்கள். முன்பதிவோ, பணமோ, பரிந்துரைச் சீட்டோ வேண்டாம்.

அந்த அளவுக்கு இல்லை, ஆனால் காலை வரை தாங்காது என்றால் 111 அழைத்து, குரல் சொல்லும்போது 2 அழுத்துங்கள். இங்கிலாந்தில் அது நேராக உங்கள் வட்டாரத்து மனநல நெருக்கடிக் குழுவுக்குப் போகும், 24 மணி நேரமும். யாரிடமாவது பேசினால் போதும் என்றிருந்தால் சமாரிட்டன்ஸ், 116 123, கட்டணம் கிடையாது. வாய் விட்டுப் பேச முடியாத நிலையில், அறைத் தோழர்கள் பக்கத்தில் இருக்கும்போது, 85258 என்ற எண்ணுக்கு ஷவுட் என்று ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்பினால் எழுத்திலேயே பதில் பேசுவார்கள். இந்த எண்களைப் போனில் இன்றே பதிந்து வையுங்கள். நெருக்கடியான நேரத்தில் தேட முடியாது.

புறப்படும் முன்பே ஊரில் செய்ய வேண்டியது

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி, ஆனால் அவர்களுக்கு இதுதான் முக்கியம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியோ, மதுரையோ, தனியார் மருத்துவரோ, யாரிடம் பார்த்தாலும் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். அதில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பயணத் தேதி, நோயின் பெயர், ஒவ்வொரு மருந்தின் வேதிப்பெயர், அளவு, எத்தனை நாளுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்ற விவரம், மருத்துவர் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். கம்பெனி வைத்த பெயர் மட்டும் எழுதியிருந்தால் அங்கே உள்ள மருத்துவருக்கு ஒன்றும் புரியாது.

அடிக்கடி சிக்கலாவது கூட்டு மாத்திரைகள். எஸ்சிடலோபிராமும் குளோனஸிபாமும் ஒரே வில்லையில் சேர்ந்து நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கிறது. பிரிட்டனில் அந்தக் கூட்டு கிடையாது. குளோனஸிபாம் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. பதற்றத்துக்கு அதைத் தொடர்ந்து எழுதிக் கொடுக்க அங்குள்ள மருத்துவர்கள் பெரும்பாலும் சம்மதிப்பதில்லை. கொண்டுபோன மாத்திரை தீர்ந்த அன்று திடீரென நின்றுபோனால் தூக்கமின்மை, நடுக்கம், சிலருக்கு வலிப்புகூட வரலாம். அதனால் புறப்பட இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே உங்கள் மருத்துவரிடம் சொல்லி, தனித்தனி மாத்திரையாக மாற்றி, குளோனஸிபாமைப் படிப்படியாகக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். மூன்று மாதத்துக்குக் குறைவான அளவை மருத்துவர் கடிதத்தோடு கொண்டுபோகலாம், தனி உரிமம் வேண்டாம். லித்தியம் சாப்பிடுகிறவர்கள் கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் கையோடு வையுங்கள்.

முதல் வாரத்திலேயே ஜிபி பதிவு

ஜிபி என்பது குடும்ப மருத்துவர். பெரிய டாக்டரை நேராகப் போய்ப் பார்க்கிற நம்மூர் வழக்கம் அங்கே செல்லாது. பெரும்பாலும் ஜிபி வழியாகத்தான். உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோதே பதிந்துவிடுங்கள். காய்ச்சல் வந்த பிறகு பதிவுக்கு அலைவதைவிட, மனசு சோர்ந்த பிறகு அலைவது பத்து மடங்கு கஷ்டம். படுக்கையை விட்டே எழுந்திருக்க முடியாத ஆளால் படிவம் நிரப்ப முடியாது.

என்ஹெச்எஸ் இணையதளத்தில் வீட்டு அஞ்சல் குறியீட்டைப் போட்டால் பக்கத்து ஜிபி இடங்கள் வரும். பலவற்றில் ஆன்லைனிலேயே பதியலாம். இல்லையென்றால் பதிவுத் தாளை வாங்கி நிரப்பிக் கொடுக்க வேண்டும். அடையாள அட்டையோ வீட்டு வாடகை ஒப்பந்தமோ கட்டாயம் கிடையாது. வரவேற்பில் இருப்பவர் கேட்டால், இல்லாவிட்டாலும் பதியலாம் என்று விதி இருப்பதை மரியாதையாகச் சொல்லுங்கள். இடம் நிரம்பிவிட்டது, உங்கள் தெரு எங்கள் எல்லைக்குள் வராது என்பவை நியாயமான மறுப்புகள். அப்போது அடுத்த இடத்துக்குப் போக வேண்டியதுதான்.

பதிந்ததும் பத்து இலக்க என்ஹெச்எஸ் எண் கிடைக்கும். என்ஹெச்எஸ் ஆப்பைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். பதிவில் உங்கள் சொந்தக் கைபேசி எண்ணும் சொந்த மின்னஞ்சலும்தான் இருக்க வேண்டும். கணவர் எண்ணையோ, அழைத்துப் போன உறவினர் எண்ணையோ கொடுத்தால், மனநலச் சிகிச்சை பற்றிய செய்தி முதலில் அவர் கையில்தான் போய் நிற்கும்.

மருத்துவரிடம் என்ன சொல்வது

காலை 8 மணிக்குப் போன் வரிசை திறக்கும். எட்டரைக்கு அன்றைய இடங்கள் தீர்ந்துவிடுவது சகஜம். அந்த ஓட்டத்தில் ஓடாமல் இருக்க வழி உண்டு. 2025 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் எல்லா ஜிபி இடங்களும் காலை 8 முதல் மாலை 6:30 வரை ஆன்லைன் கோரிக்கைப் படிவத்தைத் திறந்து வைக்க வேண்டும். ராத்திரி நிதானமாக எழுதி வைத்துக்கொண்டு பகலில் அனுப்பலாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறவர்களுக்கு அது பெரிய வசதி.

ஒரு சந்திப்பு பத்து நிமிடம். "இரட்டைச் சந்திப்பு வேண்டும்" என்று பதியும்போதே கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் அப்போதே சொல்லிவிடுங்கள். போன் வழியாக வருவார், காசு கிடையாது. அண்ணனையோ கணவரையோ மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள். அவர் முன்னால் சொல்ல முடியாதது ஒன்று எல்லோருக்கும் இருக்கும்.

நம் ஆட்கள் தவறவிடுவது இங்கேதான். "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "தலை பாரமா இருக்கு", "சாப்பாடு இறங்க மாட்டேங்குது" என்று உடம்பின் வழியாகத்தான் நாம் பேசுவோம். அதை மட்டும் சொன்னால் ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்கள். பரிசோதனை வீண் என்று சொல்லவில்லை; தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு வரும் பி12 குறைபாடு ஆகியவையும் ஆளைச் சோர வைக்கும். ஆனால் அதோடு மனசையும் சொல்ல வேண்டும். எத்தனை வாரமாக, இரவில் எத்தனை மணி நேரம் தூக்கம், வகுப்புக்கோ வேலைக்கோ எத்தனை நாள் போகவில்லை, எதிலும் பிடிப்பு இல்லாமல் இருக்கிறதா, அழுகை வருகிறதா, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறதா. ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் நீட்டினாலும் போதும். கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். சொன்னவுடன் மருத்துவமனையில் அடைத்துவிட மாட்டார்கள்; எண்ணம் மட்டும்தானா, திட்டம் ஏதும் உண்டா என்று கேட்டு, அதற்கேற்பப் பார்த்துக்கொள்வார்கள்.

ஜிபி பரிந்துரை இல்லாமலே தொடங்கலாம்: டாக்கிங் தெரபீஸ்

பலருக்கும் தெரியாத கதவு இது. மனச்சோர்வு, பதற்றம், திடீர்ப் பீதி, அதிர்ச்சிக்குப் பின் வரும் பாதிப்பு ஆகியவற்றுக்கு, இங்கிலாந்தில் என்ஹெச்எஸ் டாக்கிங் தெரபீஸ் என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது. ஜிபி பட்டியலில் பெயர் இருந்தால் போதும். அவர் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. என்ஹெச்எஸ் தளத்தில் உங்கள் ஜிபி பெயரைப் போட்டால் உங்கள் வட்டாரச் சேவை வரும், படிவத்தை நீங்களே நிரப்பலாம். (ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இந்தச் சேவை இல்லை. அங்கே பெரும்பாலும் ஜிபியிடமிருந்து தொடங்க வேண்டும்.)

படிவத்தோடு இரண்டு கேள்வித்தாள் வரும். ஒன்று மனச்சோர்வுக்கு, 9 கேள்வி, மொத்தம் 27. இன்னொன்று பதற்றத்துக்கு, 7 கேள்வி, மொத்தம் 21. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் அப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். முதலாவதில் 10, இரண்டாவதில் 8 என்ற அளவைத் தொட்டால் சிகிச்சை தேவைப்படும் நிலை என்று எடுத்துக்கொள்வார்கள். பரீட்சைபோல நல்ல மதிப்பெண் எடுக்க நினைத்து, "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்று குறைத்துப் போடுவது நம்மிடம் உள்ள வழக்கம். குறைத்துப் போட்டால் உங்களுக்கு உதவி தேவையில்லை என்றே அந்தத் தாள் சொல்லும்.

அடுத்து போனில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் மதிப்பீடு. அழைப்பு பெரும்பாலும் எண் தெரியாமல்தான் வரும். மோசடி அழைப்பு என்று வெட்டிவிடுகிறார்கள், அல்லது சைலண்டில் போட்டுவிடுகிறார்கள். இரண்டு முறை எடுக்காவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிக் கடிதம் வந்துவிடலாம். சிகிச்சை கிடைக்கவில்லை என்று புலம்புகிறவர்களில் ஒரு பகுதியினர் இங்கேதான் தவறவிடுகிறார்கள். படிவத்திலேயே "எனக்கு மாலை இத்தனை மணிக்கு அழையுங்கள், குரல் பதிவு விடலாம்" என்று எழுதுங்கள். பெயர் நீக்கப்பட்டாலும் மறுபடி விண்ணப்பிக்கத் தடை இல்லை.

விண்ணப்பித்தவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு ஆறு வாரத்துக்குள், 95 பேருக்கு 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது அரசு வைத்த இலக்கு. முதல் சந்திப்புக்குப் பிறகு இரண்டாவதுக்கு இன்னொரு காத்திருப்பு இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். லேசான நிலைக்கு ஆறிலிருந்து எட்டு முறை, வழிகாட்டியோடு நாமே செய்யும் பயிற்சி. அதற்கு மேல் என்றால் சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) போன்ற நேரடி ஆலோசனை, 12 முதல் 20 முறை வரை. பயிற்சித்தாளைப் பார்த்து, "ஹோம்வொர்க் குடுத்து அனுப்பிட்டாங்க" என்று முதல் வாரத்தில் விட்டுவிடாதீர்கள். அந்தச் சிகிச்சையின் பாதி வேலை அதில்தான் இருக்கிறது. ஆறாவது முறைக்குப் பிறகும் பலன் இல்லையென்றால், அடுத்த படிக்கு மாற்றச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

காத்திருக்கும்போது வீடு மாறாமல் இருக்க முடிந்தால் நல்லது. லண்டனுக்குள்ளேயே ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹாரோவுக்கு மாறினால் ஜிபி மாறும், சேவையும் மாறும், வரிசையில் மறுபடி கடைசியில் நிற்க நேரலாம். மாறியே தீர வேண்டுமென்றால், மாறும் முன் பழைய சேவையிடம் பேசி, முடித்துவிட்டுப் போக முடியுமா என்று கேளுங்கள்.

இல்லாத குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற உறுதியான பயம், நாள்கணக்கில் தூங்காமல் பரபரப்பாக இருப்பது ஆகியவற்றுக்கு இந்தச் சேவை பொருந்தாது. ஜிபியிடமோ 111-க்கோ உடனே சொல்ல வேண்டும்; அவர்கள் மனநல மருத்துவக் குழுவுக்கு அனுப்புவார்கள்.

மாத்திரை எழுதிக் கொடுத்தால்

இங்கிலாந்தில் மருந்துச்சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு, 2025 நிலவரம். எத்தனை மாத்திரை என்பது கணக்கில்லை, எத்தனை வகை என்பதுதான் கணக்கு. மாதம் இரண்டு மருந்து வாங்குகிறவர் மூன்று மாதத்துக்கு 32.05 அல்லது வருடத்துக்கு 114.50 பவுண்டு முன்பணச் சான்று எடுத்தால் மிச்சம். வருமானம் குறைந்தவர்கள் ஹெச்சி1 படிவம் போட்டு முழு விலக்கோ, பகுதி உதவியோ கேட்கலாம். சேமிப்பு 16,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். விசா நிபந்தனை இதைத் தடுக்காது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் மருந்துக்குக் கட்டணமே இல்லை.

செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் முழுப் பலன் காட்ட நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் இரண்டு வாரத்தில் குமட்டல், பதற்றம் கூடுவது உண்டு. 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை ஒரு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்பது அங்குள்ள மருத்துவ நெறி. அழைப்பு வரவில்லையென்றால் நீங்களே கேளுங்கள். ஊரிலிருந்து வந்த லேகியம், அமுக்கரா சூரணம் எது சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள். தேறியதும் தானாக நிறுத்தக் கூடாது. படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

பல்கலைக்கழகமும் வேலையிடமும்

என்ஹெச்எஸ் வரிசையில் காத்திருக்கும்போதே பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவிலும் பதியுங்கள். காத்திருக்கும் காலத்தில் அதற்குத் தடையில்லை, கட்டணமும் இல்லை. தேர்வு, ஒப்படைப்புக்குக் காலநீட்டிப்பு கேட்கச் சான்று வேண்டும். ஜிபி கடிதத்துக்குப் பணம் கேட்கலாம். ஆலோசகர் கடிதம் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். காலக்கெடு முடிந்த பிறகு கேட்பதைவிட, முடியும் முன் கேட்பது பல மடங்கு எளிது. படிப்பு முடிந்தால் இந்தச் சேவை நின்றுவிடும், ஆனால் என்ஹெச்எஸ் உரிமை விசா இருக்கும் வரை நீடிக்கும். கடன் தவணை தொடங்கி, விசாவுக்குப் பொறுப்பேற்கும் ஸ்பான்சர் வேலை கிடைக்காமல் அலையும் அந்த மாதங்கள்தான் பலரைச் சாய்க்கின்றன. அப்போதுதான் இந்த உரிமை அதிகம் தேவைப்படும்.

வேலையில் இருப்பவர்கள் ஏழு நாள் வரை தாமே எழுதிக் கொடுத்து விடுப்பு எடுக்கலாம். அதற்கு மேல் ஜிபி சான்று வேண்டும்.

விசா போய்விடுமா?

மனச்சோர்வுக்கு சிகிச்சை எடுத்தீர்கள் என்பதற்காக விசா ரத்தாகாது. என்ஹெச்எஸ் சிகிச்சை, விசாவில் உள்ள அரசு உதவித்தொகைத் தடைக்குள் வராது. ஆனால் இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஒன்று, யூனிவர்சல் கிரெடிட், பிஐபி போன்ற உதவித்தொகைக்கு விண்ணப்பிக்காதீர்கள். நல்லெண்ணத்தில் யாராவது சொன்னாலும் வேண்டாம், அது விசா நிபந்தனையை மீறுவதாகும். இரண்டு, மாணவர்கள் படிப்பை இடைநிறுத்தினால், பொதுவாக 60 நாளுக்கு மேல் போகும்போது விசாவுக்குக் கொடுத்த ஸ்பான்சர்ஷிப்பைப் பல்கலைக்கழகம் திரும்பப் பெற வேண்டியிருக்கும். படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பேசுங்கள். சொல்லாமல் வகுப்புக்குப் போகாமல் இருப்பதுதான் விசாவுக்கு உண்மையான ஆபத்து.

துணையாகப் போனவர்கள்

கணவர் வேலைக்குப் போன பிறகு நாலு சுவருக்குள் தனியாக இருக்கும் பெண்களுக்கும் அதே உரிமை. வளவும் முகப்புமாக ஆள் நடமாட்டம் நிறைந்த வீட்டில் வளர்ந்தவருக்கு அந்த மாடி அறையின் அமைதி தாங்காது. பிரசவம் ஆன ஒரு வருடம் வரை மருந்து இலவசம். டாக்கிங் தெரபீஸில் தாய்மார்களுக்கு முன்னுரிமையும் உண்டு. தாயையும் குழந்தையையும் பார்க்க வீட்டுக்கு வரும் ஹெல்த் விசிட்டர் என்ற செவிலியரிடம், "குழந்தைகிட்ட ஒட்டவே முடியல" என்று தயங்காமல் சொல்லலாம். அதைக் கேட்கத்தான் அவர் வருகிறார். வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் 0808 2000 247, எந்நேரமும்.

ஊரில் இருக்கும் அப்பச்சி, ஆத்தாவுக்கு

பிள்ளையின் அனுமதி இல்லாமல் மருத்துவரோ பல்கலைக்கழகமோ உங்களிடம் எதுவும் சொல்ல மாட்டார்கள், கட்டணம் நீங்கள் கட்டியிருந்தாலும். வரன் பேசும் வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் இருந்தால், இதே விதிதான் உங்களுக்கும் காவல். ஆனால் நீங்கள் அவர்களிடம் சொல்லலாம். "இரண்டு நாளாகப் போனை எடுக்கவில்லை, போன வாரம் இப்படிப் பேசினான்" என்று தெரிவித்தால் கேட்டுக்கொள்வார்கள், ஆள் அனுப்பி அறையில் பார்ப்பார்கள். அதற்கு 44-இல் தொடங்கும் பல்கலைக்கழகப் பாதுகாப்பு அலுவலக எண்ணை, பிள்ளை புறப்படும்போதே எழுதி வாங்கி வையுங்கள். இந்தியாவிலிருந்து 999 அழைத்தால் அங்கே போகாது.

மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், மற்ற மாதங்களில் ஐந்தரை. இங்கே காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டால் அங்கே நடுராத்திரி. தூக்கமில்லாத பிள்ளையின் தூக்கத்தை மேலும் கெடுப்போம். குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் நேர்ந்துகொள்ளுங்கள், அதோடு மாத்திரையையும் விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள். "அங்க குளிர்ல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதற்குப் பிறகு பிள்ளை உங்களிடம் சொல்வதை நிறுத்திவிடும். இந்தக் கவலையில் உங்களுக்கே தூக்கம் போனால், 14416 என்ற டெலி மானஸ் (இந்திய அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், 24 மணி நேரமும் இலவசம். தமிழில் பேச ஏங்கும் பிள்ளைக்கு, தற்கொலைத் தடுப்புக்கான சென்னை ஸ்நேகா அமைப்பின் 91 44 2464 0050 என்ற எண்ணைக் கொடுங்கள், வெளிநாட்டிலிருந்தும் அழைக்கலாம்.